எம்புட்டு இலை, மாஸ்டர்?

கல்யாண கேட்டரிங்குக்கு ஒரு மொபைல் ஆப். அதுக்கு ஸ்கெட்ச் போட, மதுரையில் ஒரு ராத்திரி... ஒரு பகல்!

மதுரைக்கு டூர் போனா என்ன பார்ப்பீங்க? மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம், நடுவுல ஒரு ஜிகர்தண்டா. டூர் ஓவர்! ஆனா இந்த ஊருக்கு இன்னொரு ரூட்டும் இருக்கு பாஸ். அந்த வழியில போனா, ஒரு கல்யாணச் சாப்பாடு மளிகைக் கடை மூட்டையிலேருந்து கிளம்பி வாழை இலைக்கு வந்து சேர்ற மொத்தக் கதையையும் பார்க்கலாம்.

நாங்க அந்த ரூட்ல கிளம்பினதுக்குக் காரணம், ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர். ஒருத்தன் கோடிங் புலி, ஒருத்தி டிசைன் புலி. 'கல்யாண கேட்டரிங் பிளான் பண்ண ஒரு மொபைல் ஆப்'னு டைட்டில் கொடுத்துட்டாங்க. எத்தனை பேர் வருவாங்கன்னு டைப் பண்ணு, மெனுவைத் தொடு, அரிசி பருப்பு கணக்கு வந்து விழும். கேட்க சிம்பிள்தானே? டிசைன் புலி மட்டும் ஒரு கண்டிஷன் போட்டாள். "ஒரு கல்யாண அடுப்படியை நேர்ல பார்க்காம, ஒரு ஸ்கிரீன்கூட வரைய மாட்டேன்." ஆவணி முகூர்த்தம் ஒண்ணைப் பிடிச்சு, சமையல் மாஸ்டர் ஒருத்தர்கிட்ட பெர்மிஷன் வாங்கி, நோட்டும் கையுமா நானும் கூட ஒட்டிக்கிட்டேன்.

ஏன் மதுரை? கல்யாணத்துக்குள்ள டெக்னாலஜியைக் கொண்டு வர்றதுல இந்த ஊர் செம ஃபாஸ்ட். மொய் நோட்டுக்குப் பதிலா லேப்டாப்பும் குட்டி பிரின்ட்டரும் வெச்சு, மொய் எழுதினவங்களுக்கு ரசீது கிழிச்சுக் கொடுக்கிறதை இந்தப் பக்கத்து விசேஷங்கள்ல பார்க்கலாம். 2021 ஜனவரியில, கொரோனா நேரத்துல, ஒரு மதுரைக் கல்யாணப் பத்திரிகையில கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடையே அச்சடிச்சாங்க. அந்தப் பத்திரிகை போட்டோ நாடு முழுக்க சுத்தி வந்துச்சு. மொய் இப்படி ஜெட் வேகத்துல பறக்குது. ஆனா சாப்பாடு? அது இன்னும் மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதின ஒரு துண்டுச் சீட்டுலதான் ஓடுது. அந்தச் சீட்டு போற இடமெல்லாம் நாமளும் போவோம்... வர்றீங்களா?

கீழமாசி வீதி, சாயங்காலம் 5 மணி

மதுரை, கோயிலைச் சுத்தி சதுரத்துக்குள்ள சதுரமா வரைஞ்ச ஊர். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளின்னு அடுக்கடுக்கா வீதிகள். அதுல கீழமாசி வீதி, மொத்த மளிகைக் கோட்டை. விளக்குத்தூண் பக்கத்துலேருந்து நடந்தா, கடைப் பேரைப் படிக்கவே வேணாம், மூக்கே வழி சொல்லும். வத்தல் நெடியில ஒரு தும்மல், அடுத்த கடையில புளி, அதுக்கு அடுத்து பெருங்காயம். நடுநடுவுல மூட்டையோட வர்ற அண்ணன்கள், "ஓரம்... ஓரம்!"

பொண்ணோட தாய்மாமா கையில சீட்டு. பிள்ளையார் சுழி. அடுத்த வரி, மஞ்சள். எந்த விசேஷ லிஸ்ட்டா இருந்தாலும் மங்களகரமா மஞ்சள்லதான் ஆரம்பிக்கும். "அகர வரிசையில அடுக்கினா அரிசில்ல மொதல்ல வரும்?"னு கோடிங் புலி கேட்க, மாமா ஒரு லுக் விட்டார். அகர வரிசை அங்கேயே அவுட்!

அடுத்து பேர்ப் பிரச்னை. நம்ம டிசைன் புலி சென்னைப் பொண்ணு. அவ ஊர்ல 'சர்க்கரை'ன்னா வெள்ளையா இருக்கும். மதுரைப் பக்கம் அதுக்குப் பேர் சீனி. இங்கே சர்க்கரைன்னு கேட்டா நாட்டுச் சர்க்கரையை எடுத்து வைக்க வாய்ப்பு இருக்கு. பெரிய வெங்காயம் இங்கே பல்லாரி. அட, இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'மல்லி'ன்னு ஒரே ஒரு வார்த்தை... கொத்தமல்லி விதையா, மல்லித்தழையா, இல்லை தலையில வைக்கிற மல்லிகைப்பூவா? புவிசார் குறியீடே வாங்கின மதுரை மல்லி ஊராச்சே! ரசத்துல பூ மிதந்துடக் கூடாதுன்னா, ஆப்புல ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஒரு படம் வேணும்.

அளவுலயும் இதே கூத்துதான். கடைக்காரர் கிலோவுல பேசுறார். பழைய மாஸ்டர்களுக்குப் படிதான் வசதி. 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். படி, கொள்ளளவு. கிலோ, எடை. ஒரு படி அரிசியோட எடையும் ஒரு படி பருப்போட எடையும் ஒண்ணா இருக்காது. படியும் ஊருக்கு ஊர் மாறும். 'படியைக் கிலோவா மாத்து'ன்னு ஒரே ஒரு ஃபார்முலா எழுதிட்டுத் தூங்கப் போக முடியாது.

"சரி மாஸ்டர், நூறு பேருக்கு எவ்வளவு அரிசி?" நேரடியா கேட்டோம்.

"பத்து, பன்னெண்டு கிலோன்னு எல்லாரும் சொல்லுவாங்க தம்பி. நான் மொதல்ல வேற கேப்பேன். பழைய அரிசியா, புது அரிசியா? பழசு நல்லா காணும். கூட டிபன் உண்டா? முகூர்த்தம் எத்தனை மணிக்கு? ஞாயித்துக்கிழமையா, வேலை நாளா? மாப்பிள்ளை வீடு உள்ளூரா, பஸ்ஸு பிடிச்சு வர்றாங்களா? இம்புட்டும் தெரியாம அரிசி அளக்கிறவன் சமையக்காரன் இல்ல."

டிசைன் புலி நோட்டுல கோடு போட்டு எழுதினாள்: 'எத்தனை பேர்?' என்பது கடைசிக் கேள்வி!

மாட்டுத்தாவணி, விடியற்காலை 3 மணி

ஊரே தூங்குற நேரத்துல, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மட்டும் பகல். காய்கறி மார்க்கெட்டுல லாரி லாரியா இறங்குது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய், கொடைக்கானல் மலையோட கேரட்டும் பீன்ஸும், தேனிப் பக்கத்து வாழை. இந்தப் பக்கம் பூ மார்க்கெட். அன்னிக்கு முகூர்த்தம்னா மல்லி விலை எகிறும். இங்கே காலண்டர்தான் விலைவாசி மந்திரி.

இங்கேதான் கேட்டரிங் தொழிலோட ரெண்டு முகமும் புரிஞ்சது. ஒண்ணு, சமையல் கூலி. மாஸ்டர் லிஸ்ட் கொடுப்பார், பொருள் எல்லாத்தையும் கல்யாண வீடு வாங்கிக் கொடுக்கணும். மிச்சமானாலும் பத்தலைனாலும் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. இன்னொண்ணு, இலைக் கணக்கு. ஒரு இலைக்கு இவ்வளவுன்னு ரேட் பேசிடுவாங்க. பொருள், ஆள், பாத்திரம் எல்லாம் மாஸ்டர் பொறுப்பு. எத்தனை இலை விழுந்துச்சோ, அத்தனைக்குக் காசு.

நாங்க போனது இலைக் கணக்குக் கல்யாணம். ரேட் பேசினது மூணு மாசத்துக்கு முன்னாடி. காய் வாங்குறது இன்னிக்கு விடியற்காலை. நடுவுல தக்காளி என்ன ஆட்டம் போட்டாலும் பேசின ரேட் பேசினதுதான். அன்னிக்கு பீன்ஸ் விலையைக் கேட்டு மாஸ்டர் ஒரு நிமிஷம் நின்னார். அப்புறம் கோஸ் பக்கம் திரும்பிட்டார். பீன்ஸ் பொரியல், கோஸ் பொரியல் ஆயிடுச்சு. வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்கலாமான்னா, மணி மூணரை. பொண்ணோட அப்பா ரெண்டு நாளா கண்ணு மூடாதவர்.

"சொல்லாம மாத்தினா நாளைக்குப் பேச்சு வருமே மாஸ்டர்?"

"வரும் பாப்பா. அதுக்குத்தான் கைக்காசு போட்டு ஒரு வடை சேத்து வைக்கிறேன்."

பாருங்க, ஒரு பிரச்னைக்கு எவ்வளவு அழகா ஒரு தீர்வு! ஆனா அந்த வடைக்கான காசு யார் பாக்கெட்லேருந்து போகுது? ஆப்புல இதுக்கு வழி ரொம்ப ஈஸி. மெனு பேசுற அன்னிக்கே ஒவ்வொரு காய்க்கும் ரெண்டு மாத்துக் காயை ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டுப் பதிவு பண்ணிடணும். விடியற்காலையில மாஸ்டர் ஒரு தட்டு தட்டினா போதும். விடிஞ்சு அப்பா பார்த்துக்குவார். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேணாம்.

கிளம்புறப்போ வாழை இலைக் கட்டு வண்டியில ஏறுச்சு. கூடவே தாம்பூலத்துக்கு சோழவந்தான் வெற்றிலை. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வெற்றிலை இது. மல்லிக்கு அந்தப் பெருமை கிடைச்சது 2013-ல. ஆக, தலைக்கு ஒரு குறியீடு, தாம்பூலத்துக்கு ஒரு குறியீடு!

திருப்பரங்குன்றம், காலை 5 மணி

ஊர்லேருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறினா இறங்க வேண்டிய இடத்தை மலையே காட்டிக் கொடுத்துடும். மலையைக் குடைஞ்ச கோயில். முருகன் தெய்வானையைக் கல்யாணம் பண்ணின தலம். பங்குனியில நடக்கிற அந்தக் கல்யாணத்துக்கு மதுரையிலேருந்து மீனாட்சியும் சொக்கநாதரும் வருவாங்க. பையன் கல்யாணத்துக்கு அப்பா அம்மா வராம எப்படி? அதனாலேயே முகூர்த்த நாள்னா கோயில் வாசல்ல மாலையும் கழுத்துமா ஜோடிகள். சுத்தி இருக்கிற மண்டபங்கள்ல எல்லாம் புகை.

அடுப்படிக்குள்ள நுழைஞ்சோம். வரிசையா நீல சிலிண்டர். 19 கிலோ கமர்ஷியல் கேஸ். அண்டா, தேக்சா, ஜல்லிக்கரண்டி, சாம்பார் வாளி, அன்னக்கூடைன்னு வாடகைப் பாத்திரக் கடையே அங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கு. ராத்திரி பூரா காய் வெட்டின அக்காக்கள் சுவர்ல சாய்ஞ்சபடி டீ குடிக்கிறாங்க.

கோடிங் புலி 'வாய்ஸ் இன்புட் வெச்சா மாஸ்டர் பேசியே எல்லாத்தையும் முடிச்சுடலாம்'னு ரொம்ப நம்பிக்கையோட வந்திருந்தான். ஒன்பதரைக்குக் கெட்டிமேளம். பக்கத்துல நிக்கிறவன் கத்துறதே கேட்கலை. போன் எதைக் கேட்கப் போகுது? சரி, தொட்டாவது பார்ப்போம்னா... மாஸ்டர் விரல்ல எண்ணெய், உதவியாளர் விரல்ல ஈரம். டச் ஸ்கிரீன், 'நீ யாருப்பா?'ன்னு முழிக்குது. சிக்னல் ஒரு கோடு. இன்டர்நெட் இல்லாமலும் ஓடணும், கட்டை விரல் அளவுக்கு பட்டன் இருக்கணும், முக்கியமா... போன் மாஸ்டர் கையில இருக்கவே கூடாது.

அப்போ யார் கையில இருக்கணும்? அந்தப் பதில் பத்தே முக்காலுக்கு, முதல் பந்தியில கிடைச்சது.

இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு ஊறுகாயிலேருந்து ஆரம்பிச்சு, சாம்பார் வாளியோட ஓடுற பசங்களைக் கவனிச்சிருக்கீங்களா? உங்க க்ளாஸ்மேட்டாகூட இருக்கலாம். முகூர்த்த நாள்ல கேட்டரிங் சப்ளைக்குப் போய் செமஸ்டர் ஃபீஸுக்கும் பஸ் பாஸுக்கும் சம்பாதிக்கிற காலேஜ் பசங்க எத்தனையோ பேர். கல்யாணத்துல எல்லாரும் மேடையைப் பார்த்துக்கிட்டு இருக்க, இவங்க மட்டும்தான் இலையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. எத்தனை இலை காலி, எது மிஞ்சுது, எதை ரெண்டாவது தடவை கேட்கிறாங்க... எல்லாம் இவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு உலையும் ஒரு பஸ்ஸும்

மூணாவது பந்தி ஓடுது. தாய்மாமா வேர்த்து விறுவிறுத்து அடுப்படிக்கு வந்தார். "மாஸ்டர், எதுக்கும் இன்னொரு உலை போட்ருங்க. பத்தலைன்னா மானம் போயிரும்!"

இந்த 'எதுக்கும்' இருக்கே, அதுதான் கல்யாண வீட்டோட ரொம்பக் காஸ்ட்லியான வார்த்தை. மிச்சமானா குப்பைக்குத்தான் போகும். பத்தலைன்னா சம்பந்தி வீட்டுல பத்து வருஷத்துக்குப் பேச்சு நிக்கும். ரெண்டுல எதுக்கு பயப்படுவாங்க? அதனாலதான் பந்தி முடிஞ்சு பார்த்தா அண்டா அண்டாவா சாதம் நிக்குது.

மாஸ்டர் பதில் சொல்லலை. சப்ளை தம்பி ஒருத்தனைக் கூப்பிட்டார். "ஹால்ல எம்புட்டு இலைடா?"

"பாதிதாண்ணே. கடைசி ரெண்டு வரிசை காலி."

உலை ஏறலை. மாமா முகத்துல ஈயாடலை. அடுத்த பத்தாவது நிமிஷம்... மண்டப வாசல்ல ஹாரன் சத்தம். மாப்பிள்ளை ஊர்லேருந்து ஒரு பஸ் ஜனம்! வழியில டயர் பஞ்சராம். பஸ் கிளம்பிடுச்சுன்னு மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடியே போன் வந்திருக்கு. மேடையில போட்டோவுக்கு நின்னவர், அடுப்படிக்கு ஒரு வார்த்தை சொல்லலை.

மாஸ்டர் அசரலையே! அரை உலைக்குக் கண்ணைக் காட்டினார். சப்ளைக்கு ஒரே ஒரு உத்தரவு: "ஸ்வீட்டும் வடையும் மொதல்ல போகட்டும். பொரியல், கூட்டு நிதானமா வைங்க." இலையில ஒவ்வொண்ணா வந்து சேர்றதுக்குள்ள, இருந்த சாதம் முதல் ரவுண்டுக்குச் சரியாப் போச்சு. ரெண்டாவது ரவுண்டுக்கு ஆவி பறக்க புதுச் சாதம். பஸ்ல வந்தவங்களுக்கு எதுவுமே தெரியாது.

டிசைன் புலி எழுதுறதை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தாள். "தலை எண்ணிக்கைங்கிறது டைப் பண்ற நம்பரே இல்லை. அது சாயங்காலம் வரைக்கும் மாறிக்கிட்டே இருக்கிற ஸ்கோர்போர்டு." அவ்வளவுதான்... ஆப்போட ஒன்லைன் கிடைச்சுடுச்சு!

கவனிச்சீங்கன்னா, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு 'கடைசி பஸ்' இருக்கு. லட்டு, மைசூர்பாகுக்கு முந்தின நாளே முடிவெடுக்கணும். பொரியல் காய்க்கு முந்தின ராத்திரி, வெட்டுறதுக்கு முன்னாடி. சாம்பாருக்குக் காலையில பருப்பு வேகிறப்போ. சாதத்துக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் டைம் இருக்கு. தெரியாத எண்ணிக்கையைக் கடைசி வரைக்கும் தாங்குறது சாதம் மட்டும்தான். அப்போ ஆப்புல முதல்ல தெரிய வேண்டியது அழகழகான சாப்பாட்டு போட்டோ இல்லை, 'எதை எப்போ வரைக்கும் மாத்தலாம்'னு சொல்ற ஒரு டைம் டேபிள்.

சாயங்காலப் பஞ்சாயத்து

பந்தி முடிஞ்சா எல்லாம் முடிஞ்சதா? இனிமேதான் க்ளைமாக்ஸ்! மாஸ்டரும் பொண்ணோட அப்பாவும் எதிரெதிர் நாற்காலியில. கொண்டு வந்த கட்டுல மிச்ச இலையைக் கழிச்சா, பயன்பட்ட இலை வரும். கேட்க நேரான கணக்கு. ஆனா கிழிஞ்ச இலை யார் கணக்கு? சமையல் ஆட்களும் சப்ளை பசங்களும் சாப்பிட்ட இலை? நாதஸ்வரக்காரங்க இலை? பொண்ணு வீட்டார் சொல்ற நம்பருக்கும் மாஸ்டர் சொல்ற நம்பருக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி. பெரிய தொகை இல்லை. ஆனா ஒரு பக்கம், பொண்ணைக் கட்டிக் கொடுத்த அன்னிக்கு சம்பந்திகள் பார்க்க வாக்குவாதம் பண்ண முடியாத அப்பா. இன்னொரு பக்கம், இதை விட்டுக்கொடுத்தா பதினெட்டு பேருக்குக் கூலி பிரிக்க முடியாத மாஸ்டர். ரெண்டு பேருமே நல்லவங்க. ரெண்டு பேருமே கொஞ்சம் குறுகிப் போய் உட்கார்ந்திருந்தாங்க.

ஒவ்வொரு பந்தி முடிஞ்சதும் ஒரே நம்பர் ரெண்டு போன்லயும் தெரிஞ்சிருந்தா, அந்த நாற்காலிக்கே வேலை இல்லை.

ஸ்கெட்ச் புக்கிலிருந்து...

* பந்தி கவுன்ட்டர்: சப்ளை டீம்ல ஒருத்தர் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தட்டு தட்டணும். மாஸ்டருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நம்பர். பந்திக்குப் பந்தி ரெண்டு பேரும் ஓகே. ஆட்கள் இலை, கிழிஞ்ச இலைக்குத் தனிக் கட்டம், அதுக்கான விதி முன்கூட்டியே.

* 'வண்டி வருது' பட்டன்: வாசல்ல வரவேற்கிறவங்க, ரெண்டு வீட்டுச் சித்தப்பாக்கள் போன்ல மட்டும். ஒரே பட்டன், எத்தனை பேர், எவ்வளவு நேரத்துல. வேற எதுவும் வேணாம்.

* மாத்துக் காய்: விலை ஏறினா எது வரும்னு மெனு பேசுற அன்னிக்கே முடிவு.

* கடைசி பஸ் டைம் டேபிள்: லட்டு முதல் சாதம் வரை.

* மிச்சம் பட்டன்: கடைசி உலையைப் பார்த்த உடனே, இலையில விழாத சாதத்துக்காக மட்டும். கோயம்புத்தூர்ல 2014-ல ஆரம்பிச்ச 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, விசேஷ வீட்டு மிச்சத்தைப் பசிச்சவங்களுக்குக் கொண்டு போற வேலையைப் பண்ணிக் காட்டியிருக்கு. சாதம் மதிய வெயில்ல ரொம்ப நேரம் தாங்காது. அண்டா கழுவுறப்போ போன் பண்ணிப் புண்ணியமில்லை.

இதுல ஒண்ணுகூட ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஒரு செமஸ்டர்ல எழுதிடலாம். ஆனா நம்ம டீம், முதல் வெர்ஷனை மாஸ்டருக்காக இல்லாம சப்ளை தம்பிக்காக வரையுது. கவுன்ட்டர் தட்டுற ஆளுக்குத் தனிக் கூலி போடணும்கிறதையும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல சேர்த்திருக்காங்க. நாள் முழுக்க ஓடுறவன் தலையில இன்னொரு ஓசி வேலையைக் கட்டக் கூடாது இல்லையா?

ஆப் எழுதுற ஐடியா உங்களுக்கும் இருந்தா, சித்திரையில மதுரைக்கு வாங்க. மீனாட்சி திருக்கல்யாணத்தன்னிக்கு சேதுபதி மேல்நிலைப் பள்ளியில விருந்து போடுவாங்க. முந்தின நாளே காய் வெட்ட சனம் தானா வந்து உட்காரும். சாப்பிட்டவங்க அம்மனுக்கு மொய்யும் எழுதுவாங்க. பத்திரிகை வெச்சு ஆள் எண்ண முடியாத கல்யாணம் அது. ஊரே சொந்தக்காரங்க! எத்தனை பேர்னு எந்த ஆப்புலயும் டைப் பண்ண முடியாது. சாப்பிட்டுட்டு வந்துடாதீங்க... ஒரு ஓரமா நின்னு, அடுத்த உலையை எப்போ ஏத்துறாங்கன்னு மட்டும் பாருங்க!